மறைக்காத பொலிஷ்

கொக்குவிலில் நான் தொழில் பழகிய கராஜின் இறாக்கையில் பொலிஷ் என்று இருந்தவை இரண்டு ரின்கள்தான். ஒன்றில் செங்கல் நிறத்தில் கட்டிங் பேஸ்ற். விரலால் தொட்டால் நறநறக்கும். மற்றதில் மெழுகு பொலிஷ். மூடியைத் திறந்தால் மெழுகு வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் கலந்து வரும். "ஒண்டு வெட்டும், மற்றது மூடும். அவ்வளவுதான் தம்பி" என்பார் பெயின்ரர் ஐயா. புதிதாக ஸ்பிறே அடித்த காருக்கு முதலாவது. பழைய காரைக் கலியாண வீட்டுக்கு அனுப்ப இரண்டாவது. எதை எடுப்பது என்று யாரும் நின்று யோசித்ததில்லை.

இன்று என் மேசையில் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. செரமிக் கோட்டிங் அடிக்க வாகனத்தைக் கொண்டுவருகிறவர்கள் கோட்டிங்கைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எந்த நாட்டுச் சாமான், எத்தனை வருடம் நிற்கும், ஒன்பது எச்சா என்று கேட்பார்கள். அதற்கு முன்னால் என்ன பொலிஷ் போடப்போகிறீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வேலையின் முக்கால்வாசி அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. பெயின்ரர் ஐயா சொன்ன வெட்டுவதும் மூடுவதும் அங்கேதான் மறுபடி வருகின்றன. ஆனால் ஐயாவின் காலத்தில் எது பொலிஷின் நல்ல குணமாக இருந்ததோ, அதுவே இந்த வேலைக்குக் கேடாகிவிட்டது. நான் அதைப் படிப்படியாகத்தான் விளங்கிக்கொண்டேன்.

பெரியப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் இருந்தது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட வகை. 1200 சிசி எஞ்சின், உருண்ட மூக்கு, உருண்ட முதுகு. யாழ்ப்பாணத்தில் ஹயருக்கு ஓடிய கார்களில் ஏ-40களுக்கும் கேம்பிரிட்ஜ்களுக்கும் மொறிஸ் மைனர்களுக்கும் எப்போதும் தனி இடம். பெரியப்பாவும் ஹயர்தான் ஓடினார். பெரியாஸ்பத்திரி, கோயில், கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான். தொழிற்சாலையில் அடித்த பெயின்ற் எப்போதோ போய்விட்டது. நான் கண்டபோது அதன்மேல் இருந்தது எங்கள் ஊரில் அடித்த என்.சி. பெயின்ற், அதாவது நைற்றோசெலுலோஸ்.

என்.சி.யின் குணத்தைச் சொல்லவேண்டும். தின்னரில் கரைத்து அடிப்பார்கள். தின்னர் ஆவியாகப் போனதும் அது காய்ந்துவிடும். ஆனால் காய்ந்த முகம் மங்கலாக, சின்னச் சின்ன மேடுபள்ளமாக இருக்கும். தானாக மினுங்காது. அதை மினுங்கச் செய்வது கைதான். வோட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து மேட்டை உரஞ்சி எடுத்து, பிறகு பழைய சாரத் துண்டில் கட்டிங் பேஸ்ற்றைத் தொட்டு ஒரு சாண் அகலத்துக்கு உரஞ்சிக்கொண்டே போகவேண்டும். முதலில் பேஸ்ற் நறநறவென்று இழுபடும். உரஞ்ச உரஞ்ச அந்தச் சத்தம் அடங்கும். துணி இலேசாக வழுக்கத் தொடங்கும்போது அடியில் வெளிச்சம் தெரியும். துணியைத் திருப்பினால் காரின் நிறம் அதில் அப்பியிருக்கும். பெரியப்பாவின் கார் கறுப்பு. ஆகையால் துணியும் கறுப்பு, என் விரல் இடுக்கும் கறுப்பு. ஐயா என் துணியைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பார், பிறகுதான் காரைப் பார்ப்பார். எவ்வளவு பெயின்ற் கழன்றிருக்கிறது என்று துணி அவருக்குச் சொல்லிவிடும்.

1990 ஆனியில் உள்நாட்டுப் போர் மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, அதைக் காபரேற்றருக்கு ஊட்டி ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய இங்கிலீஸ் எஞ்சின்கள் இதைத் தாங்கின. யாழ்ப்பாணத்து ஏ-40கள் உயிரோடு மிஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணம். பெற்றோலுக்கே அந்த நிலை என்றால் பொலிஷுக்கு எங்கே போவது? மெழுகு ரின் வழித்துத் துடைக்கப்பட்டு வெறும் ரின்னாகியது. கட்டிங் பேஸ்ற் அடியில் காய்ந்து கட்டியாகக் கிடந்ததை ஐயா மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, அவசியமான இடத்துக்கு மட்டும் தொட்டுத் தருவார்.

மினுக்கத்துக்குத் தேங்காயெண்ணெய்தான். மெல்லிய துணியில் சில துளி விட்டு, காரை ஒருக்கால் முழுக்கத் துடைத்தால் பின்னேரம் வரைக்கும் மினுங்கும். கீறல்கள் மறைந்துவிடும். ஏன் மறைகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. கீறல் என்பது பெயின்ற்றில் உள்ள ஒரு மெல்லிய பள்ளம். பள்ளத்தின் கரைகளில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. எண்ணெய் பள்ளத்தை நிரப்பிவிட்டால் வெளிச்சம் சிதறாது, கீறலும் தெரியாது. பள்ளம் அங்கேயேதான் இருக்கும். மறுநாள் தூசி ஒட்டி, வெயிலில் எண்ணெய் வற்றியதும் எல்லாம் பழையபடி தெரியும். கடைகளில் விற்கும் எத்தனையோ பொலிஷ்கள் இதே காரியத்தைத்தான் கொஞ்சம் நாகரிகமாகச் செய்கின்றன.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு, சண்டை நெருங்கியதால், வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் எழும்பி நடந்தது. செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து கைதடி, சாவகச்சேரி என்று போன சனத்துக்குள் பெரியப்பாவின் காரும் ஊர்ந்தது. உள்ளே கிழவர்களும் குழந்தைகளும். வெளியே இரண்டு பக்கமும் சைக்கிள்களும் மூட்டைகளும் வாளிகளும். காரை ஓட்டினார்கள் என்று சொல்லமுடியாது. சனம் அரக்க அரக்க அதுவும் அரக்கியது. சைக்கிள் ஹான்டில்கள் உரசாத இடம் அந்தக் காரில் இல்லை. 1996இல் திரும்பி வந்தபோது இரண்டு பக்கக் கதவுகளும் மட்காட்களும் நீளநீளக் கீறலாக இருந்தன. ஹயர் ஓடித்தான் வீட்டில் அடுப்பெரியவேண்டும். கீறிய காரைக் கலியாணத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். ஆகவே அது மறுபடி கராஜுக்கு வந்தது.

ஐயா அன்று செய்ததை நான் இன்றைக்கும் வேலையில் நினைத்துக்கொள்வேன். கதவின் நடுப்பகுதியை நன்றாக உரஞ்சினார். கீறல்கள் பெரும்பாலும் போயின. மட்காட்டின் வளைவுக்கு வந்ததும் கையின் பாரத்தைக் குறைத்தார். விளிம்பில் பெயின்ற் எப்போதும் மெல்லிசு. ஸ்பிறே அடிக்கும்போது அங்கே தங்குவது குறைவு, உரஞ்சும்போது அங்கே படுவது அதிகம். கொஞ்ச நேரத்தில் கறுப்புக்குக் கீழே பிறைமரின் செம்மை ஒரு நூலளவுக்குத் தெரிந்தது. உடனே துணியை வைத்துவிட்டார். "இதோட நிப்பாட்டு. கீறல் கிடந்தா கிடக்கட்டும். பெயின்ற் போனாத் தகரம், தகரம் நனைஞ்சாத் துரு." பெரியப்பா முகம் சுளித்தார். ஐயா அசையவில்லை. இன்னொரு தரம் ஸ்பிறே அடிக்கப் பெயின்ற் எங்கே கிடைக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

2002 சித்திரையில், போரால் மூடிக்கிடந்த ஏ-9 பாதை திறந்தது. கொழும்பிலிருந்து ஹையேஸ் வான்களும் புதுக் கார்களும் வந்தன. ஒருநாள் வெள்ளி நிற மெற்றாலிக் வான் ஒன்றை மினுக்கித் தரச்சொல்லிக் கொண்டுவந்தார்கள். ஐயா தன் வழக்கப்படி பேஸ்ற்றைத் தொட்டு உரஞ்சினார், துணியைத் திருப்பினார். துணியில் நிறம் இல்லை. பேஸ்ற்றின் செம்மையும் கொஞ்சம் வெள்ளைப் பசையும்தான். மறுபடி உரஞ்சினார். அப்போதும் இல்லை. "நிறம் வரேல்லை. அப்ப நான் எதை வெட்டுறன்?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியைவிடச் சரியான கேள்வியை இந்தத் தொழிலில் நான் பிறகு கேட்டதில்லை. அவர் வெட்டியது கிளியர் கோட். நிறத்துக்கு மேலே கண்ணாடிபோல் நிற்கும் நிறமில்லாத படை. அதன் குணம் வேறு. என்.சி.யை மினுக்கிய அதே செங்கல் நிறப் பேஸ்ற் கிளியரில் மங்கலையும் நுண்கீறலையும் விட்டுப்போனது.

பிறகு சில காலம் கனடாவில் ஸ்காபரோவில் ஒரு பொடி ஷொப்பில் வேலை செய்தேன். பெயின்ற்றின் தடிப்பை அளக்கும் கருவியை முதன்முதலில் அங்கேதான் கையில் பிடித்தேன். தகரத்தின்மேல் வைத்தால் எத்தனை மைக்ரோன் என்று காட்டும். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு. பிறைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்த்து ஒரு தொழிற்சாலைப் பெயின்ற் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு சாதாரணமாக 35 முதல் 50. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்து அந்தக் கிளியருக்குள்தான் இருக்கிறது. கடுமையாக வெட்டும் கொம்பவுண்டும், மெசினில் பூட்டும் கம்பளிப் பாட்டும் சேர்ந்தால் ஒரே தரத்தில் அதில் சில மைக்ரோன் போய்விடும். மெல்லிய பொலிஷ் ஒரு மைக்ரோன் அளவிலோ அதற்கும் குறைவாகவோ எடுக்கும். துணியைத் திருப்பிப் பார்த்து ஐயா கணித்ததை அந்தக் கருவி இலக்கத்தில் சொன்னது. அளவு தெரிந்த பிறகு கடுமையான போத்தலை எடுக்க எனக்குக் கை எளிதில் போவதில்லை.

பொலிஷ் என்பது என்ன? அலுமினியம் ஒக்சைட் துகள்கள், அவற்றை வழுக்கவைக்கும் எண்ணெயும் நீரும் கரைப்பானும். இதுதான் எலும்பு. சில வகையில் துகள் வேலை செய்யச்செய்ய உடைந்து நுண்ணியதாகிக்கொண்டே போகும். சில வகையில் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவில் நிற்கும். ஜெர்மனியின் மென்செர்னா போத்தல்களில் இலக்கம் போட்டிருப்பார்கள். 400 கடுமையாக வெட்டும். 2500 நடுத்தரம். 3500, 3800 கடைசி மினுக்கத்துக்கு. அமெரிக்க மெகுவயர்ஸில் 105 வெட்டுவதற்கு, 205 முடிப்பதற்கு. இவற்றோடு வேறொரு கூட்டமும் இருக்கிறது. மெழுகோ சிலிக்கோனோ கீறலை நிரப்பும் பசையோ சேர்த்து, வெட்டவும் மூடவும் ஒரே போத்தலில் செய்து விற்கும் பொலிஷ்கள். வீட்டு முற்றத்தில் காரை மினுக்குகிறவருக்கு அவை நல்லவை. குறைந்த வெட்டில் நிறைந்த பளபளப்பு. பெயின்ற்றும் அவ்வளவாகத் தேயாது. நான் அவற்றைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் செரமிக் கோட்டிங்குக்கு முன்னால் அவை கூடாது. கோட்டிங் என்பது சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட ஒரு திரவம். பூசியதும் கரைப்பான் பறந்துபோகும். மிச்சமுள்ளது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பின்னிப் பிணைந்து கெட்டியாகி, பெயின்ற்றோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டுவதற்கு அது நேரே பெயின்ற்றைத் தொடவேண்டும். நடுவில் மெழுகு இருந்தால் அது மெழுகில்தான் ஒட்டும். மெழுகு போகும்போது கோட்டிங்கும் போய்விடும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. காய்ந்த கோட்டிங்கின் தடிப்பு ஓரிரு மைக்ரோன்தான். அது கண்ணாடிபோல் தெளிவானது. கீழே என்ன இருக்கிறதோ அதை அப்படியே காட்டும், அப்படியே பூட்டியும் வைக்கும். கீழே கிடக்கும் கீறலைப் பிறகு எடுக்கவேண்டுமானால் கோட்டிங்கையே வெட்டி எடுத்தாகவேண்டும். ஒன்பது எச் என்பதைக் கேட்டுக் கல்லுக்குச் சமமான கவசம் என்று நினைக்கிறார்கள். அது பென்சில் சோதனையின் அளவு. எந்தக் கடினப் பென்சில் வரைக்கும் கீறாமல் தாங்கும் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. மணல் ஒட்டிய துணியால் துடைத்தால் கோட்டிங் அடித்த காரிலும் கீறல் விழும்.

2020 பங்குனியில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்கள் மறுபடி வர 2025 மாசி ஆகியது. இடையிலே 2022இன் எரிபொருள் வரிசைகளும் மின்வெட்டும். புது வாகனம் வராது என்றதும், இருக்கிற வாகனத்தின் விலை வாங்கிய விலையைத் தாண்டி ஏறியது. பத்து வயதுக் காரை விற்று மாற்றலாம் என்றிருந்தவர்கள் அதையே இன்னும் பத்து வருடம் வைத்திருக்கப் பார்த்தார்கள். அதோடுதான் யாழ்ப்பாணத்தில் செரமிக் கோட்டிங்குக்கு ஆள் சேர்ந்தது. நல்லூரிலும் திருநெல்வேலியிலும் கோண்டாவிலிலும் விளம்பரப் பலகைகள் எழும்பின. அவசரமாகச் செய்த வேலைகளும், ஊர் திரும்பியிருந்த என்னிடம் வந்து சேர்ந்தன. வேறெங்கோ கோட்டிங் அடித்து, விளக்கு வெளிச்சத்தில் பொனெற் முழுக்கச் சிலந்திவலைக் கீறலாகத் தெரியும் கார்கள். மூடும் பொலிஷால் மினுக்கி, துடைத்துப் பாராமல் மேலே கோட்டிங் பூசியிருந்தார்கள். காசு கொடுத்தவர் தன் காரில் கீறலைப் பூட்டி வாங்கியிருந்தார். எனக்கு அதில் கோபம் வருவது உண்மை. அந்தக் கோட்டிங்கை எடுப்பதற்காக அந்தக் காரின் கிளியரிலிருந்து இன்னுமொரு பங்கை நான் வெட்டவேண்டியிருக்கிறது.

பெரியப்பாவின் மகன் ஏ-40ஐ இப்போதும் வைத்திருக்கிறான். கலியாணங்களுக்குப் பூக்கட்டி ஓடுகிறது. அவனும் ஒருநாள் கோட்டிங் கேட்டான். கதவுகளில் பின்னாளில் அடித்த, ஹார்ட்னர் கலக்கும் டூ பெக் பெயின்ற், மட்காட்களில் இன்னும் பழைய என்.சி. கோட்டிங்குக்கு முன் துடைக்கும் கரைப்பானையும் கோட்டிங்கின் கரைப்பானையும் பழைய என்.சி. தாங்கும் என்று நான் நம்பமாட்டேன். விளிம்புகளில் வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. "அதுக்கு மெழுகு போடு. மாதம் ஒருக்கால் போடு. கீறலை அது மூடட்டும், அதுதான் இந்தக் காருக்கு வேணும்" என்றேன். ஐயாவின் இரண்டாவது ரின் அந்தக் காருக்கு இன்றைக்கும் சரியான மருந்து.

அக்காவின் மகன் கொண்டுவந்தது வேறு கதை. கறுப்பு ரொயோட்டா அலியன். கதவுத் தூணில் நிற இலக்கம் 202. ரொயோட்டாவின் 202 கறுப்பு மென்மைக்குப் பேர்போனது. கிளியர் இல்லாமலே அடிக்கப்பட்ட வாகனங்களும் ஏராளம். மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் பொலிஷ் தொட்டு, கதவடியில் மறைவான இடத்தில் நாலு தரம் தேய்த்துத் திருப்பினேன். துணி கறுப்பாகியது. ஐயா கேட்ட கேள்விக்கு இந்தக் காரில் பதில் உடனே கிடைத்தது. வெட்டுப்படுவது நிறமேதான்.

"மாமா, நானே ஒரு பொலிஷ் வாங்கிக்கொண்டு வந்தனான். எல்லாம் ஒண்டிலயே இருக்காம்" என்று ஒரு போத்தலை நீட்டினான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொனெற்றில் மாஸ்கிங் ரேப் ஒட்டி, ஒவ்வொன்றும் 40 சென்ரிமீற்றர் அளவில் பக்கத்துப் பக்கமாக இரண்டு சதுரம் பிரித்தேன். ஒன்றில் 3800, மிருதுவான ஃபோம் பாட். மற்றதில் அவனுடைய போத்தல், அதே பாட். இரண்டுக்கும் ஒரே மெசின், ஒரே வேகம். துடைத்துவிட்டு எல்.ஈ.டி. விளக்கைச் சரித்துப் பிடித்தேன். அவனுடைய சதுரம் கிணற்றடி இருட்டுப்போல ஆழமாகக் கறுத்து மினுங்கியது. ஒரு கீறல் இல்லை. என்னுடையதில் நுண்கீறல் போயிருந்தது, ஆனால் சில நீளக் கீறல்கள் கண்ணில் குத்தின. அவன் முகத்தில் வெற்றி.

ஐசோபுறொப்பைல் அல்கஹோலை வடித்த நீரில் கலந்து வைத்திருந்ததை இரண்டிலும் விசிறி, புதுத் துணியால் துடைத்தேன். என்னுடைய சதுரம் அப்படியே நின்றது. அவனுடையதில் முதலில் ஓரத்தில் ஒரு வட்டக் கீறல் தெரிந்தது, பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அல்கஹோல் பறந்து முடிந்தபோது பொலிஷ் போடுவதற்கு முன்னால் இருந்த கீறல்கள் ஏறக்குறைய எல்லாமே திரும்பி வந்திருந்தன. அவன் குனிந்து, கையால் வெளிச்சத்தை மறைத்து மறைத்துப் பார்த்தான். "போகவே இல்லையா மாமா?" "போகேல்லை. இருந்த இடத்திலயேதான் இருந்தது." வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

என் சதுரத்தில் மிஞ்சிய கீறலுக்கு என்ன செய்வது? கையில் முதலில் வருவது இன்னும் கடுமையான போத்தல். 2500ஐ நடுத்தரப் பாட்டில் போட்டு மூன்றாவது சதுரத்தில் பார்த்தேன். கீறல் போனது. ஆனால் மென்மையான கறுப்பில் அது சாம்பல் பூத்ததுபோல ஒரு மங்கலை விட்டது. அதை எடுக்க மறுபடி 3800 போடவேண்டும். இரண்டு தரம் வெட்டு. ஆகவே போத்தலை மாற்றாமல் பாட்டை மாற்றினேன். அதே 3800, மிருதுவான பாட்டுக்குப் பதில் கொஞ்சம் இறுக்கமான பாட். பொலிஷின் வெட்டில் பாதி பாட்டில்தான் இருக்கிறது. அப்படிச் செய்த என் சதுரம் அல்கஹோலுக்குப் பிறகும் தெளிவாக நின்றது. நீளக் கீறல்களில் ஆழமானவை ஒன்றிரண்டு நிழலாகத் தெரிந்தன. நகத்தால் தொட்டால் தட்டுப்பட்டன. நகத்தில் தட்டுப்படும் கீறலைப் பொலிஷால் முழுக்க எடுக்க நினைப்பது பெயின்ற்றுக்குச் செய்யும் அநியாயம். விட்டுவிட்டேன். அவனும் காரணம் கேட்டுவிட்டுச் சம்மதித்தான்.

பொலிஷைத் தெரிவுசெய்வதற்கு முன்னாலேயே எங்கள் மண்ணும் தண்ணீரும் பாதி வேலையைத் தீர்மானித்துவிடுகின்றன. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல். கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்காகப் படிவதுதான் கிணற்றுத் தண்ணீரால் கழுவிய காரிலும் வட்ட வட்டப் புள்ளியாகப் படிகிறது. வெயிலில் நிற்கும் காரைக் கழுவித் துடைக்காமல் விட்டால் ஒரே நாளில் வந்துவிடும். அதைப் பொலிஷால் எடுக்கப் போகக்கூடாது. சுண்ணாம்பு அமிலத்தில் கரையும். வினாகிரியைத் தண்ணீர் கலந்து துணியில் நனைத்து நிழலில் கொஞ்ச நேரம் போட்டுவைத்தால் பெரும்பாலானவை கரைந்துவிடும். பிறகு நன்றாக அலசவேண்டும். கரையாமல் நிற்பவை பெயின்ற்றை அரித்த பள்ளங்கள். அவற்றுக்கு மட்டும்தான் பொலிஷ். பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குத் தினம் ஓடும் வாகனங்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்து வாகனங்களில் செம்மண். அலசாமல் துணி போட்டால் அந்த மண்தான் முதல் கட்டிங் பேஸ்ற்.

காலமும் பார்க்கவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில், வைகாசி முதல் ஆவணி கடந்தும், தூசி எந்தக் கதவிடுக்காலும் வரும். நிலத்தை நனைத்து, கதவை மூடி, அதிகாலையில் தொடங்குவேன். மாரியில் தூசி இல்லை, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். ஈரத்தில் கோட்டிங் சீக்கிரம் இறுகும். பூசியதை உரிய நேரத்தில் துடைக்காவிட்டால் அந்த இடம் திட்டாகக் காய்ந்துவிடும். பிறகு அதற்கும் பொலிஷ்தான் எடுக்கவேண்டிவரும். தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு வரும் மாதங்கள் இந்த வேலைக்கு நல்லவை. அலியனை நாங்கள் மாசியில்தான் செய்தோம். இறுக்கமான பாட்டில் ஒரு தரம், மிருதுவான பாட்டில் ஒரு தரம், விளிம்புகளுக்கெல்லாம் ரேப் ஒட்டி. பிறகு அல்கஹோல் துடைப்பு, கடைசியில் கோட்டிங். ஓர் இரவு முழுவதும் கதவு பூட்டிக் கிடந்தது. ஒரு கிழமைக்குக் கழுவவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

கோட்டிங் என்றைக்கும் நிற்காது. சில வருடத்தில் தேயும். தேய்ந்த பிறகு மறுபடி அடிக்க யாராவது மறுபடி பொலிஷ் போடவேண்டிவரும். அது நானாக இருக்கலாம், வேறு கராஜாகவும் இருக்கலாம். ஆகையால் வேலைக்கு முன்னும் பின்னும் தடிப்பை அளந்து ஒரு கொப்பியில் எழுதுவது என் வழக்கம். பொனெற்றில் ஐந்து இடம், கூரையில் ஐந்து, கதவுக்கு மூன்று மூன்று, என்ன பொலிஷ், என்ன பாட், எங்கே விட்டுவைத்த கீறல். அலியனின் பக்கத்தைப் படம் பிடித்து மருமகனின் போனுக்கு அனுப்பினேன். "இதை என்ன செய்ய மாமா?" என்று கேட்டான். சேர்விஸ் புத்தகத்தோடு வைக்கச் சொன்னேன். காரை விற்றால் வாங்குகிறவருக்குக் கொடுக்கவும் சொன்னேன். வலப்பக்கப் பின்கதவின் கீழ் விளிம்புக்கு நேரே, இனி இங்கே வெட்டவேண்டாம் என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.